மஞ்சள் பாத்திகளுக்குச் சிறப்பு வகுப்பு

ஜூலை 3, வியாழன்

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த முப்பது சென்ட் நிலம் இன்றோடு ஆராய்ச்சி நிலம் ஆகிவிட்டது. ஆராய்ச்சி செய்யப்போகிறவர் முனைவர் ஹம்சவேணி. பொள்ளாச்சிக்காரர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். புதுச்சேரி போகும் சாலையில் இருக்கும் ஒரு வேளாண் ஆராய்ச்சி மையத்தில் ஒப்பந்த விஞ்ஞானி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைச் செடியின் வேரில் குடியிருந்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கும் பாக்டீரியா ஒன்றை மூன்று வருடமாக வளர்த்து வருகிறார். ஆய்வகத்தில் அது கெட்டிக்காரன். மண்ணில் எப்படி என்று பார்க்கத்தான் இங்கே வந்திருக்கிறார்.

"ஊரில் எவ்வளவோ நிலம் இருக்கே, இது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"எட்டு வருசமா இதுல ஒண்ணுமே வெக்கலைன்னு சொன்னாங்க சார். மண்ணப் பரிசோதனை பண்ணிப் பாத்தேன். சத்தே இல்லீங்க. ரொம்ப நல்லா இருக்குதுங்க."

காப்பியோடு வந்த என் மனைவி ஆரோக்கியமேரி நின்றுவிட்டாள். "முப்பத்திமூணு வருசம் கணக்கு வாத்தியாரா இருந்து இவரு வாங்குன நெலம் இது ஒண்ணுதான். சத்தே இல்லன்னு பாராட்டறதுக்கும் ஒரு ஆளு வந்துடுச்சி பாருங்க" என்றாள்.

என் வேலை இரண்டு. சொன்ன நாளில் ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனியாகத் தண்ணீர் விட வேண்டும். மழை பெய்தால் அளந்து, அவர் கொடுத்த அட்டையில் எழுத வேண்டும்.

"வேற ஒண்ணுமே பண்ணீராதீங்க சார்."

ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆகிறது. வேறொன்றும் செய்யாமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்று சொன்னேன்.

ஜூலை 5, சனி

விதைப்பு. பன்னிரண்டு பாத்தி. ஆறு பாத்திக்கு வெறும் விதை, ஆறுக்குப் பாக்டீரியா தடவிய விதை. எது எதுவென்று அவருக்கும், கூலிக்கு விதைக்க வந்த உள்ளூர் அஞ்சலைக்கும் மட்டும்தான் தெரியும். அஞ்சலைக்கு எண் படிக்கத் தெரியாது, ஆகவே அவளிடமிருந்து ரகசியம் வெளியே வராது. என்னைத் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார்கள்.

பாக்டீரியா கறுப்புப் பொடியாக ஒரு பொட்டலத்தில் வந்தது. அதை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினார்கள்.

"கஞ்சி குடிக்கிற கிருமியா?" என்றாள் ஆரோக்கியமேரி, கஞ்சி கொடுத்தவள் என்ற உரிமையில்.

"பசைக்காகங்க அம்மா. விதையில ஒட்டோணும்ல."

முதலில் வெறும் விதைப் பாத்திகளை முடித்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போனார்கள். ஒரு பாத்தியிலிருந்து மற்றதற்குப் போகும்போதெல்லாம் கால் கழுவ வேண்டும். அஞ்சலை ஏழாவது முறை கழுவும்போது, "மாதா கோயிலுக்குள்ள போவக்கூட நான் இப்பிடிக் கழுவினதில்ல. இதுக்குள்ள எந்த சாமி கீது?" என்று கேட்டாள்.

நான் ஓர் உதாரணம் சொன்னேன். முன்னெல்லாம் சின்ன ஊருக்கு வாத்தியார் வந்தால் வீட்டுக்கு ஒரு நாள் சோறு போடுவார்கள், படுக்க இடம் கொடுப்பார்கள். பதிலுக்கு வாத்தியார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவார். செடிதான் சோறு போடுகிற ஊர். வேரில் முண்டு முண்டாக இருப்பது வாத்தியார் தங்கும் அறை.

"அப்போ வாத்தியாரு கால்ல ஒட்டினு அடுத்த ஊருக்குப் பூடுவாரா?" என்றாள் அஞ்சலை.

"அதுக்குத்தான் கழுவறோம்" என்றார் ஹம்சவேணி. என் உதாரணத்தைவிட அவளுடைய கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. எனக்குச் சிறிது வருத்தம்.

ஜூலை 12

முளைத்துவிட்டது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. முதல் வகுப்புப் பிள்ளைகளும் ஜூன் மாதத்தில் அப்படித்தான் இருப்பார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

மழை 11 மி.மீ. அட்டையில் எழுதினேன். பூசைக்குப் போய் வந்து களை எடுப்பதை வேடிக்கை பார்த்தேன். அஞ்சலை ஒவ்வொரு பாத்திக்கும் கால் கழுவிக்கொண்டே, வீட்டுக்குப் போனால் மருமகள் வைத்த குழம்பு மட்டும் கழுவாத கையால் வைத்ததாக இருக்கிறது என்று குறைப்பட்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ரகசியம் உடைந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, இலையே சொல்லிவிட்டது. 1, 3, 4, 6, 9, 11 கரும்பச்சை. 2, 5, 7, 8, 10, 12 வெளிர்மஞ்சள். வகுப்பில் நுழைந்ததுமே யார் சாப்பிட்டுவிட்டு வந்தான், யார் சாப்பிடாமல் வந்தான் என்று தெரியுமே, அப்படி.

ஏழாம் பாத்தி எல்லாவற்றிலும் மோசம். தண்ணீர் விடும்போது என்னைப் பார்க்காமல் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறது. கடைசி பெஞ்சு ரொசாரியோ பதினாறாம் வாய்ப்பாடு கேட்டால் இப்படித்தான் நிற்பான்.

ஹம்சவேணி வந்து ஒவ்வொரு பாத்தியையும் படம் எடுத்தார். மஞ்சள் பாத்திகளைப் பார்த்து அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே! ஒரு பிள்ளை தோற்றதற்கு ஒரு ஆசிரியர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

போன் செய்து கேட்டேன். "அந்த ஆறுக்கும் ஏதாவது கொடுக்கலாமாம்மா? கொஞ்சம் சாம்பல், தொழுவுரம் மாதிரி?"

"ஐயோ சார்! ஒரு கை போட்டீங்கன்னாலும் எல்லாம் போச்சுங்க. அந்த ஆறு மஞ்சளா இருந்தாத்தானுங்க இந்த ஆறு பச்சையா இருக்கறதுக்கு அர்த்தம். அக்டோபர்ல குழு உக்காருது. வித்தியாசம் காட்டினாத் திட்டம் தொடரும். இல்லீன்னா மூணு வருசத்தையும் மூட்டை கட்டி வெச்சுட்டு நான் ஊருக்குப் போகோணும்."

புரிந்தது. எல்லாருக்கும் விடை சொல்லிக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால் அது தேர்வே இல்லை. இதைவிட எளிதாகப் புரிய ஒன்றுமில்லை. நானே இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை ஐந்தரைக்கு நடை. வாளி கொண்டுபோனேன்.

வெளியிலிருந்து எதுவும் போடக்கூடாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஆறாம் பாத்தி ஓரத்து வேர்மண்ணில் நான்கு கைப்பிடி எடுத்து, தண்ணீரில் கரைத்து, ஏழாம் பாத்தியின் வேரில் ஊற்றுவது வெளியிலிருந்து போடுவது ஆகாது. நன்றாகப் படிக்கிற பையனை எழுப்பிக் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கிறோம், அவ்வளவுதான். அதை எந்த இன்ஸ்பெக்டரும் தப்பு என்று சொன்னதில்லை.

ஒரு குவளை கஞ்சியும் சேர்த்தேன். பசைக்காக.

ஆகஸ்ட் 9

காலை நடை. 2, 5, 7. செடிக்கு அரைக் குவளை.

ஆகஸ்ட் 11

காலை நடை. 8, 10, 12, மறுபடி 7.

"நடக்கப் போறவரு வாளியும் களக்கொத்தியும் எடுத்துனு போவாரா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கேள்வி வந்தது. முழங்காலுக்கு நல்லது என்று பதில் சொன்னேன். எதை எடுத்துப்போவது முழங்காலுக்கு நல்லது என்று அவள் கேட்டாள். அதற்குள் தபால்காரர் வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். பள்ளியில் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டார்கள், போய் வந்தேன். கொடுத்த மிட்டாயைப் பையிலேயே மறந்துவிட்டேன், எறும்பு மொய்த்தது. சிறப்பு வகுப்புக்கு விடுமுறை விடவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏழாம் பாத்தி பச்சையாகிவிட்டது! அடி இலைகள் மஞ்சள்தான். ஆனால் நடுக்குருத்து இருக்கிறதே, பார்த்துக்கொண்டே இருக்கலாம். எட்டாம் பாத்திக்கு இன்னும் ஒரு வாரம் பிடிக்கும். பன்னிரண்டு கொஞ்சம் சோம்பேறி, ஆனால் குணமானவன்.

முப்பத்துமூன்று வருடத்தில் யாரையும் விட்டதில்லை. பள்ளி முடிந்த பிறகு வேப்பமரத்தடியில் பத்துப் பேரையாவது உட்கார வைப்பேன். நான்கு வருடமாக அந்த நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. பொதுவாகச் சொல்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

விதைத்து அறுபத்தோராம் நாள். பாத்திக்கு மூன்று செடி பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தார்கள். வேர் முண்டைப் பிளேடால் கீறினால், உள்ளே கொய்யாப்பழம் மாதிரிச் சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறது என்று அர்த்தம்.

ஆறாம் பாத்தி சிவப்பு. மூன்றாம் பாத்தியும் சிவப்பு. ஏழாம் பாத்தியும் சிவப்பு.

ஹம்சவேணி பிளேடை வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, இரண்டாம் பாத்தி முண்டைக் கீறினார். சிவப்பு. எட்டு, பத்து, எல்லாம். பாத்தி எண் எழுதிய குச்சிகள் இடம் மாறிவிட்டனவா என்று வரைபடத்தை வைத்துப் பார்த்தார். மாறவில்லை.

"வித்தியாசமே இல்லீங்க சார்" என்றார். "மொதல்ல இருந்துச்சே... போட்டோ எடுத்தனே. வெறும் விதையும் புடிச்சு மேல வந்துருச்சு. அப்ப என்னோட பாக்டீரியா என்னதானுங்க பண்ணுச்சு?"

ஆரோக்கியமேரி கேழ்வரகு அடை சுட்டு வைத்திருந்தாள். வழக்கமாக நான்கு சாப்பிடுகிறவர், ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மழை இல்லை. காற்று தென்மேற்கு.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். பழைய மாணவர்களிடமிருந்து ஒன்பது அழைப்பு. எடுக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசைக்கு முன் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கடைசியாகச் செய்து ஆறு மாதம் ஆகிறது.

கோபத்தையும் பொய்யையும் சொல்லி முடித்துவிட்டு, மல்லாட்டை விஷயத்தையும் சொன்னேன். தட்டிக்கு அந்தப்பக்கம் சாமியார் காதை இன்னும் நெருக்கி வைத்தார்.

"யாருடைய மல்லாட்டை?" என்றார்.

"என் நிலம்தான் சாமி."

"திருடினீரா?"

"இல்ல சாமி. தண்ணி ஊத்தினேன்."

"தன் நிலத்துல தண்ணி ஊத்தறது பாவம்னு எந்தக் கட்டளையில இருக்குது?"

நான் முதலிலிருந்து விளக்கினேன். வெறும் விதை, தடவிய விதை, வேர் முண்டு, வாத்தியார் தங்கும் அறை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கினார்கள். கடைசியில் அவருக்குப் புரிந்தது.

"இதுக்கு மூணு அருள்நிறை மந்திரம் சொன்னா என்கிட்ட சரியாப் போவும். அந்த அம்மாகிட்ட எப்படிச் சரியாப் போவும்? அதுக்கு அவங்ககிட்டத்தான் போவணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தத் தண்ணி பீர்க்கங்காய்க்கு ஆவுமா?" என்றார்.

ஆகாது என்று நினைக்கிறேன். கேட்டுச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். 'மதிப்பிற்குரிய அம்மா' என்று தொடங்கி ஒரு விடுப்பு விண்ணப்பம் மாதிரி வந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு போனை எடுக்கும்போது ஹம்சவேணியே கூப்பிட்டார்.

"சார்! ஆய்வகத்துல பாத்துட்டோமுங்க. வெறும் விதைப் பாத்தியில இருக்கறதும் என்னோட பாக்டீரியாவேதானுங்க! அடையாளம் எல்லாம் அப்படியே பொருந்துது. அது தானா நடந்து போயிருக்குதுங்க சார்! இத்தன நாளுக்குள்ள இத்தன தூரம்! நான் எங்கயும் படிச்சதில்லீங்க."

"அம்மா, நான் ஒண்ணு..."

"டைரக்டர் துள்ளிக் குதிக்கறாருங்க. இருபத்தாறாந்தேதி உங்க நிலத்துலயே வயல் விழா. பத்திரிகையெல்லாம் வருது. உங்களுக்குப் பொன்னாடை போத்தப் போறோம்."

"இல்லம்மா, அந்தப் பாக்டீரியா எப்படி..."

"எப்படிங்கறதுதான் சார் கேள்வியே! புதன்கிழமை வந்து கண்டுபுடிக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

ஆரோக்கியமேரி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "நடந்து போச்சாமா?" என்றாள். "எது? அஞ்சரை மணிக்கு முழங்கால் வலியோட நடந்துச்சே, அதுவா?"

செப்டம்பர் 14, ஞாயிறு

அவரை நான்கு முறை அழைத்தேன். நான்கு முறையும், அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.

தேர்வில் பார்த்து எழுதியதற்காக என் அண்ணன் மகனையே வெளியே நிறுத்தியவன் நான். இன்றைக்கு ஒரு பெண் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து, நடக்காத ஒன்றை நடந்தது என்று சொல்லப் போகிறார். பின்னால் வேறொருவர் செய்து பார்ப்பார். பாக்டீரியா நகராது. அப்போது பொய்யர் யார்? அவர்தான். பொன்னாடை மட்டும் என்னிடம் இருக்கும்.

செப்டம்பர் 17, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்கு வந்தார். டேப்பை வைத்து வரப்பின் உயரத்தை அளந்தார். "தண்ணி வரப்புத் தாண்டிப் பாஞ்சிருக்குமாங்க சார்?" என்று கேட்டார். 'பாய்ந்திருக்கலாம்' என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்திருக்கும். அந்தச் சொல் வாய்வரை வந்தது. பாயவில்லை என்றுதான் சொன்னேன்.

எலியா? வளை இல்லை. மண்புழுவா? அவ்வளவு வேகம் போதாது. அப்போது ஆரோக்கியமேரியின் கோழி ஒன்று வரப்பில் ஏறி நின்று எங்களைப் பார்த்தது. ஹம்சவேணி அதன் காலையே பார்த்தார்.

"சார், கோழி!"

"என் கோழி அந்தப் பக்கமே போவாது" என்றாள் ஆரோக்கியமேரி. "வலை கட்டி வெச்சிருக்கேன். இன்னிக்குத்தான் இந்தக் கழுத ஏறி நிக்கிது."

"கால்ல ஒட்டி இருக்கற மண்ணக் கழுவி எடுத்துட்டுப் போயிப் பாக்கறேனுங்க அம்மா. ஒண்ணும் ஆகாது."

அஞ்சலை ஓடி ஓடிக் கோழியைப் பிடித்தாள். ஒரு பேசினில் தண்ணீர் வந்தது. கோழியைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. விஞ்ஞானி உட்கார்ந்து, பல் துலக்கும் பிரஷ் ஒன்றால் அதன் விரல் இடுக்கைத் தேய்த்தார். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

"இதுதானுங்க சார் ஆளு" என்றார். "இதோட வேலையாத்தான் இருக்கோணும்."

எனக்கு அதற்குமேல் முடியவில்லை. வகுப்பில் சாக்பீஸ் காணாமல் போனால், எடுக்காத பையனை நிறுத்தி வைத்து விசாரித்தால், எடுத்தவன் எழுந்து நின்றுதான் ஆக வேண்டும். எழுந்து நிற்க நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

"கோழி இல்லம்மா" என்றேன். "நான்தான்."

"நீங்க என்னங்க சார்?"

"ஆறாம் பாத்தி மண்ணக் கரைச்சு ஏழுல ஊத்தினேன். அப்புறம் மத்த அஞ்சுலயும்."

பிரஷ் நின்றது. அஞ்சலை, "ஐயய்யோ, கால் கழுவினு போனீங்களா?" என்று கேட்டாள். கழுவவில்லை.

"ஏனுங்க சார்?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏழாம் பாத்தி ரொம்ப மஞ்சளா இருந்துச்சும்மா."

அவர் எழுந்தார். கையைத் துடைத்தார். "நான் டைரக்டர்கிட்டச் சொல்லிட்டனுங்க. நடந்து போச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார். அதையே இன்னொரு முறையும் சொன்னார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோழி என் கையிலேயே இருந்தது. ஆரோக்கியமேரி வந்து வாங்கிக்கொண்டு, "இதுக்காவது மன்னிப்புக் கேளுங்க" என்றாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

டைரக்டரிடம் நானே போய்ச் சொல்வது என்று செஞ்சியில் பஸ் பிடித்துப் போனேன். தப்பு செய்தவன் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள்.

உள்ளே போனால் ஹம்சவேணியும் இருந்தார். புதன்கிழமை மாலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். வயல் விழா ரத்து.

டைரக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "படிச்சவரு நீங்க. சும்மா இருங்கன்னாங்க. சும்மா இருக்க முடியலையா?"

"முடியலைங்க."

"குழுவுக்கு என்னன்னு எழுதறது? வாத்தியார் பாவம் பார்த்தார்னா?"

ஹம்சவேணி என் பக்கம் திரும்பினார். "எந்தத் தேதில, எந்தப் பாத்திக்கு, எவ்வளவு ஊத்துனீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா சார்?"

"எழுதி வெச்சிருக்கேன்" என்று பையிலிருந்து டைரியை எடுத்தேன். அவர் இருந்த இடத்திலேயே படிக்கத் தொடங்கினார். 'செடிக்கு அரைக் குவளை' என்ற இடத்தில் நிமிர்ந்து டைரக்டரைப் பார்த்தார். பிள்ளை தோற்றதற்குச் சந்தோஷப்படும் ஆசிரியர் என்று அவரைப் பற்றி நான் எழுதிய இடத்தில் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பயிர் நோய்ப் படத்தைப் பார்த்தேன்.

டைரியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதைத் தனித்தாளில் எழுதி ஒட்ட வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

அறுவடை. மையத்திலிருந்து வேறு யாரோ வந்து எடைபோட்டுப் போனார்கள். என்னைக் கேட்டில் நிற்க வைத்தார்கள்.

அக்டோபர் 30, வியாழன்

ஹம்சவேணி வந்தார்! கையில் என் டைரி. நான்கு அடை சாப்பிட்டார். பின்பு சொன்னார்.

குழுவிடம் எதையும் மறைக்கவில்லையாம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதிப் படங்களில் வித்தியாசம் தெளிவாக இருக்கிறது. ஏழாம் தேதியிலிருந்து நான் செய்தது டைரியில் நாள்வாரியாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மஞ்சள் மாறியிருக்கிறது. இதைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் பாக்டீரியாவைக் கைவிடவும் காரணம் இல்லை என்று குழு சொல்லியிருக்கிறது. ஒரு பருவம் கூடக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்று.

டைரியைத் திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. 'எத்தனை மணிக்கு?' 'குவளையின் கொள்ளளவு?' 'கஞ்சி ஆறியதா?' ஆகஸ்ட் 15ஆம் தேதிக்கு எதிரில், 'எந்தெந்தப் பாத்தி? பதில் முழுமையில்லை.' முப்பத்துமூன்று வருடம் நான் போட்ட சிவப்பு மையெல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டது.

"உங்க நிலத்துல இனி முடியாதுங்க சார். மூலைக்கு மூலை என்னோட பாக்டீரியாதான் இருக்குது. அஞ்சலையம்மா கொல்லையில போடறோம்."

"நான்?" என்றேன்.

"உங்களுக்கு ஒரு வேலை இருக்குதுங்க. வாரம் ஒருக்கா வேலிக்கு வெளிய நின்னு, ஒவ்வொரு பாத்தியோட இலை நிறத்துக்கும் பத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போடோணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"உள்ள போனா அஞ்சலையம்மா பாத்துக்குவாங்க."

டிசம்பர் 18, வியாழன்

அஞ்சலையின் கொல்லையில் விதைப்பு. புதுக் கம்பி வேலி, பூட்டு. சாவி அவள் இடுப்பில். நான் வேலியருகில் போனதும், "சார், கையக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். "பைய?" அதையும் காட்டினேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் திறந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் நான் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 8

பத்து, பத்து, பத்து, ஒன்பது. எல்லாம் இன்னும் சின்னப் பிள்ளைகள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சாமியாருக்குக் கரும்பு கொண்டுபோனேன். பீர்க்கங்காயைப் பற்றிக் கேட்டார். அதற்கு வேர் முண்டு கிடையாதாம், பயறு அவரை மாதிரிச் செடிகளுக்குத்தானாம் என்றேன். மிகவும் ஏமாந்துபோனார்.

ஜனவரி 22, வியாழன்

பச்சை வேறு, மஞ்சள் வேறு என்று பிரிந்துவிட்டது. நான்காம் பாத்தி மஞ்சள்.

ஹம்சவேணி போனில், "எப்படிங்க சார் இருக்குது?" என்றார். குரலில் பயம் தெரிந்தது. இந்த முறை அவருக்கு மறுதேர்வு கிடையாது. "நல்லா மஞ்சளா இருக்கும்மா" என்றேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது கேட்டது.

ஜனவரி 29, வியாழன்

மாலை ஐந்து மணி. அஞ்சலை மாடு பிடிக்கப் போயிருந்தாள். சாவியை வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள், மறந்துதான்.

நான்காம் பாத்தியில் அடி இலைகள் வெளுத்து, நடுக்குருத்தும் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் ஐந்தாம் பாத்தி கறுகறுவென்று நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் வரப்பு.

அரை மணி நேரம் நின்றேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு அஞ்சலை வீட்டுக்கு நடந்து, அவள் மருமகளிடம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து மதிப்பெண் போட்டேன். ஐந்தாம் பாத்திக்கு ஒன்பது. நான்காம் பாத்திக்கு நான்கு என்று எழுதப் போனவன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். அது மூன்றுதான்.

மூன்று என்று எழுதினேன். அவனுக்குக் கேட்கும்படி சொல்லவில்லை.